தண்ணீரின் பிடி

அன்புள்ள பேத்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நல்லெண்ணெயையும் தண்ணீரையும் ஒரே பாட்டிலில் ஊற்றி எவ்வளவு குலுக்கினாலும் பிரிந்துவிடுகிறதே, ஏன் என்று கேட்டிருக்கிறாய். எண்ணெய் லேசானது, அதனால்தான் கலப்பதில்லை என்று உன் தோழி சொன்ன விடை போதாது. ஆல்கஹால் எண்ணெயைவிடவும் லேசானது. ஆனாலும் தண்ணீரில் எந்த அளவிலும் கலக்கும். பிரிந்த எண்ணெய் மேலே மிதப்பதற்குத்தான் அதன் லேசு காரணம்.

பிரிவதற்கான காரணத்தைத் தண்ணீரிடம் தேட வேண்டும். அதன் மூலக்கூறில் ஆக்சிஜன் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால், அந்தப் பக்கம் சற்றே எதிர் மின்தன்மையும் ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர் மின்தன்மையும் இருக்கும். ஒன்றின் ஹைட்ரஜன் அடுத்ததன் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும். இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. ஒரு மூலக்கூறுக்கு இப்படி நான்கு பிணைப்புகள் வரை உண்டு. கணத்துக்குக் கணம் அவை அறுந்து வேறொன்றோடு சேர்ந்துகொண்டே இருக்கும். சர்க்கரைக்கும் அப்படிப் பற்றிக்கொள்ளத் தகுந்த இடங்கள் இருப்பதால் அது கரைகிறது. எண்ணெயில் பெரும்பகுதி, கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கோத்த நீண்ட வால்கள். நல்லெண்ணெயில் அவை பெரும்பாலும் 18 கார்பன் நீளம். அந்த வால்களில் தண்ணீர் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை.

எண்ணெய் தண்ணீரை வெறுக்கிறது என்று சில புத்தகங்களில் படித்திருப்பாய். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை, ஏனென்றால் அது உண்மைக்கு எதிரானது. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையே மெல்லிய ஈர்ப்பு உண்டு. தண்ணீருக்கும் தண்ணீருக்கும் இடையே உள்ளது அதைவிட மிக வலியது. எண்ணெய் நடுவே வந்தால், அதைச் சூழ்ந்த தண்ணீர் மூலக்கூறுகள் தங்கள் பிணைப்புகளை விடாமல் காக்க ஓர் ஒழுங்கில் நிற்க வேண்டியிருக்கிறது. இஷ்டம்போல் திரும்பும் சுதந்திரம் குறைகிறது. எண்ணெய்த் துளிகள் ஒன்று சேர்ந்தால் தண்ணீரைத் தொடும் பரப்பு சுருங்கும். அந்தச் சுதந்திரமும் திரும்பும். நீ குலுக்கி உடைத்த துளிகள் மறுபடி கூடுவது இதனால்தான். புரதங்கள் தம் வடிவில் மடிவதற்கும் இதே விளைவு முக்கியக் காரணம் என்று வால்டர் காஸ்மன் 1959-இல் விளக்கினார்.

ஆக்னஸ் பாக்கல்ஸ் என்ற ஜெர்மானியப் பெண்ணைப் பற்றி நீ அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1862-இல் பிறந்தவர். அந்நாளில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. வீட்டு வேலைகளுக்கு இடையே, ஒரு தகரத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதன் பரப்பில் எண்ணெய்ப் பிசுக்கு என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார். சிறு வட்டத் தகடு ஒன்றை நீர்ப்பரப்பிலிருந்து பிரித்தெடுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று தராசால் அளந்தார். 1891-இல் முடிவுகளை ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். ராலேயின் மனைவி அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, அது அவ்வாண்டே ‘நேச்சர்’ இதழில் வெளியானது. அந்த முறையை மேலும் வளர்த்த இர்விங் லாங்மியூர், எண்ணெய்ப் படலத்தில் மூலக்கூறுகள் ஆக்சிஜன் உள்ள முனையைத் தண்ணீரில் பதித்து, வால்களை வெளியே நீட்டி நிற்கின்றன என்று காட்டினார். அவருக்கு 1932-இல் நோபல் பரிசு கிடைத்தது. வழியைத் திறந்த பாக்கல்ஸுக்கு அந்தப் பரிசு கிடைக்காதது பெரிய அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

எண்ணெய் தேய்த்த தலைக்கு வெறும் தண்ணீர் போதாமல் சீயக்காய் தேவைப்படுவதும் இதே கணக்குத்தான். அதிலுள்ள சப்போனின் மூலக்கூறின் ஒரு பகுதி எண்ணெயோடும் மறுபகுதி தண்ணீரோடும் சேரும். துளிகள் மறுபடி கூடாமல் தண்ணீரோடு போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டைப் பிசுக்கில்லாமல் நன்றாகக் கழுவி, தண்ணீர் ஊற்றி, மிளகுத்தூளை மெல்லியதாகத் தூவு. ஊசிமுனையில் துளி நல்லெண்ணெய் எடுத்து நடுவில் தொடு. தூள் எந்தப் பக்கம் ஓடுகிறது, ஏன் என்று யோசித்து எனக்கு எழுது.

அன்புடன்,
தாத்தா