உப்புத் தண்ணீர் ஊரில் எண்ணெய்த் தலை: சோப்பா, சீயக்காயா, ஷாம்பூவா?

தலைக்குக் குளித்த மறுநாளே முடி பிசுபிசுத்துப் படிந்துவிடுகிறது என்றால் எதைப் போட்டு அலசுவது? சோப்பு, சீயக்காய், அரப்பு, ஷாம்பூ என்று பொருள்களை வரிசையாக வைத்தே இதைப் பேசுவது வழக்கம். பழவேற்காடு ஏரியை அடுத்த காட்டூர் வட்டாரத்தில் அதற்கு முன்பே முடிவாக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அலசுவது எந்தத் தண்ணீரில்? மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்திருப்பது 1960-களின் இறுதியிலேயே தெரிந்துவிட்டது. சென்னைக்காகவும் ஆலைகளுக்காகவும் பாசனத்துக்காகவும் அதன் பிறகும் இறைத்துக்கொண்டே இருந்ததில் உப்பு மேலும் உள்நாட்டுப் பக்கம் நகர்ந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் திறனோடு 2010-ல் காட்டுப்பள்ளியில் தொடங்கிய ஆலையின் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. கேன் தண்ணீரை வாங்கிக் குடித்துவிடலாம். வீட்டில் நாலு பேர் அதிலேயே தலைக்குக் குளிப்பதென்றால் கட்டுப்படியாகாது. ஆகவே போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் வீட்டில், அந்தத் தண்ணீரோடு எது ஒத்துப்போகும் என்பதே தேர்வின் முதல் அளவுகோல்.

பிசுக்கு என்று நாம் சொல்வதில் இரண்டு சங்கதிகள் கலந்திருக்கின்றன. முதலாவது, தலைத்தோலில் மயிர்க்காலை ஒட்டியுள்ள சுரப்பிகள் விடும் எண்ணெய். அதன் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள். பருவ வயதில் தலையும் முகமும் ஒன்றாக எண்ணெய் வழிவது இதனால்தான். இரண்டாவது, சோப்பும் தண்ணீரும் சேர்ந்து முடியில் விட்டுச் செல்லும் படிவு. தொட்டால் இரண்டும் ஒன்றுபோலவே ஒட்டும். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு வேரடியில் தொடங்கி ஓரிரு நாளில் மெல்ல மெல்லக் கூடும். சோப்புப் படிவோ குளித்துத் தலை உலர்ந்த உடனேயே தெரியும். நுனி வரை சொரசொரப்பாக இருக்கும், சீப்பில் வெள்ளையாக அப்பும். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல், படிவை எண்ணெய் என்று நினைத்து மேலும் சோப்பைத் தேய்த்தால் படிவுதான் கூடும்.

தண்ணீரைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு பாட்டிலில் போர்த் தண்ணீர், இன்னொன்றில் மழைத் தண்ணீரோ கேன் தண்ணீரோ பாதியளவு எடுத்து, இரண்டிலும் ஒரே அளவு சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கினால் போதும். நுரைக்காமல் திரிதிரியாக வெள்ளைக் கசடு மிதந்தால் அது கடின நீர். நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் கொழுப்பு அமிலத்தைப் பிடித்துக்கொள்வதால் வரும் கசடு அது. அலசினால் எளிதில் கரையாது. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாதபோது 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது 2012-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம். கொதிக்க வைத்தால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். பைகார்பனேட்டால் வந்த கடினத்தன்மைக்கே கொதி மருந்தாகும். கடல்நீர் கலப்பால் வந்த குளோரைடு, சல்பேட் உப்புகள் கொதித்தாலும் அப்படியே இருக்கும். விறகும் கேஸும்தான் வீண். எனவே உப்புத் தண்ணீர் வீட்டில் குளியல் சோப்பைத் தலைக்குப் போடுவதை முதலில் நிறுத்திவிடலாம். சோப்பின் காரத்தன்மையும் முடிக்கு ஆகாது: தலைத்தோல் இலேசான அமிலத்தன்மை கொண்டது, காரம் பட்டால் முடியின் மேற்செதில்கள் விரிந்து சிக்கு விழும்.

அடுத்து சீயக்காய். இதில் அழுக்கை எடுப்பது சப்போனின் என்னும் இயற்கைப் பொருள். அது கடின நீரில் சோப்பைப்போல் திரிவதில்லை. கரைசலும் இலேசான அமிலத்தன்மை உடையது. தண்ணீரின் இயல்பை மட்டும் பார்த்தால் இந்தக் கரைக்குச் சீயக்காய் பொருத்தமானதே. உசிலை இலையை உலர்த்திப் பொடித்த அரப்பும் ஏறக்குறைய இதே வகை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பொடியின் துகள்கள் முடிக்குள் தங்கும், அவற்றை வெளியேற்ற நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும். குடம் குடமாகத் தண்ணீர் எடுத்து வரும் வீட்டில் அது சிறிய செலவல்ல. வடிகஞ்சியில் கரைத்துத் தேய்ப்பதும், அரைக்கும்போது வெந்தயம் தாராளமாகச் சேர்ப்பதும் வறண்ட முடிக்கு மெருகு தரும். எண்ணெய்த் தலையில் அந்தக் கொழகொழப்பே மீண்டும் ஒரு படலமாகிவிடும். எண்ணெய்த் தலைக்காரர் வெந்தயத்தைக் குறைத்து, நைசாக அரைத்துச் சலித்து, வெந்நீரில் ஊறவைத்து, தெளிவை மட்டும் வடிகட்டித் தேய்த்தால் பொடியின் தொல்லை பெரிதும் தீரும். வாரம் ஒருமுறை, இருமுறை என்றால் இது நல்ல வழி. அன்றாடம் என்றால் கையும் நேரமும் தாங்காது.

ஷாம்பூவின் பலம் இங்கேதான். அதிலுள்ள செயற்கைச் சலவைப் பொருள்கள் கடின நீரிலும் கசடாகாமல் எண்ணெயைக் கரைத்தெடுக்கும். கடலூரில் சின்னி கிருஷ்ணன் சிறு பாக்கெட்டுக்கு வழி காட்ட, அந்தக் குடும்பத்திலிருந்தே 1983-ல் சிக் ஷாம்பூ புறப்பட, பாட்டில் வாங்க முடியாத வீடுகளுக்கும் ஷாம்பூ எட்டியது. உப்புத் தண்ணீரில் நுரை குறைவாக வருவதால் இன்னொரு பாக்கெட்டைக் கிழிப்பது பலருக்கும் வழக்கம். நுரை குறைந்தாலும் அழுக்கு போகும். ஒரு குவளைத் தண்ணீரில் ஷாம்பூவைக் கலக்கி வேரடியில் மட்டும் தேய்த்து, வழியும் நுரையாலேயே நுனியைக் கழுவினால் ஒரு பாக்கெட்டே பலருக்குப் போதும். கண்டிஷனர் போடுவதானால் காதுக்குக் கீழுள்ள முடிக்கு மட்டும். காலி பாக்கெட்டுகள் ஓடை வழியாக ஏரிக்குப் போகும் என்பது நியாயமான மறுப்பு. வீட்டில் பலர் இருந்தால் பெரிய பாட்டில் வாங்குவதே அதற்கு விடை.

அடிக்கடி அலசினால் சுரப்பி கோபித்துக்கொண்டு இன்னும் அதிகமாக எண்ணெய் விடும் என்பது பரவலான அச்சம். சுரப்பிக்கு உத்தரவு வருவது உடலுக்குள்ளிருந்து. மேலே கழுவியது அதற்குத் தெரியாது. ஆசியர்களிடையே நடத்தி 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி அலசியவர்களின் தலைத்தோல் மேம்பட்டதே தவிர எண்ணெய் பெருகவில்லை. அதை நடத்தியவர்கள் ஷாம்பூ நிறுவன ஆய்வாளர்கள் என்பதால் ஓரளவு தள்ளுபடி செய்தே ஏற்கலாம். அப்படிச் செய்தாலும், ஹார்மோன் பற்றிய மருத்துவ அறிவு அதே திசையைத்தான் காட்டுகிறது. ஏரியில் இறங்கி இறால் பிடிப்பவருக்கும் வெயிலில் மீன்கூடை சுமப்பவருக்கும் வியர்வையும் உப்பும் நாள்தோறும் தலையில் சேர்கின்றன. அவர்கள் ஒன்றுவிட்டு ஒருநாள் அலசுவது மிகையாகாது.

எண்ணெய் வைக்காமல் விட்டால் தலை காய்ந்துவிடும் என்ற மறுப்பு இதைவிட ஆழமானது. அதற்கு ஆதாரமும் உண்டு. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் புகுந்து அலசும்போது புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-ல் ரேலே, மோஹிலே இருவரும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆனால் அந்தப் பயன் முடித்தண்டுக்கு. எண்ணெய் வழியும் தலைத்தோலுக்கு மேலும் எண்ணெய் எதற்கு? பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்னும் பூஞ்சைக்குக் கொழுப்புதான் உணவு. ஆகவே எண்ணெயை நடுமுடியிலிருந்து நுனி வரை தடவி, ஒருமணி நேரத்தில் அலசிவிடுவதே இரு தரப்பு நியாயத்துக்கும் இடம் தரும். தீபாவளிக்கும் சனிக்கிழமைக்கும் நல்லெண்ணெய்க் குளியலை விட வேண்டியதில்லை, அன்றே முழுதாகத் தேய்த்து எடுத்துவிட்டால் சரி. எண்ணெய் வைத்த தலையோடு நாட்கணக்கில் இருப்பதுதான் தொல்லை.

உப்புத் தண்ணீரால் முடியே கொட்டிவிடும் என்ற பேச்சையும் எடை போட வேண்டும். கோயம்புத்தூர் மருத்துவர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், கடின நீர் பட்ட முடிக்கும் வடிநீர் பட்ட முடிக்கும் வலிமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2018-ல் பாகிஸ்தானிலிருந்து வந்த ஆய்வு வலிமை குறைவதாகச் சொன்னது. இரண்டும் பேசுவது முடி அறுவதைப் பற்றி. வேரோடு உதிர்வது வேறு கதை. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு, அலசும் நாளில் அவை ஒன்றாகக் கண்ணில் படுகின்றன. அதற்கு மேல் கொட்டினால் தண்ணீரைக் குறை சொல்லிக்கொண்டிராமல் ரத்தசோகை, தைராய்டு சோதனைக்குப் போவதே புத்திசாலித்தனம்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் தேர்வு எளிது. வெளியில் உழைப்பவரும் வளரிளம் பருவத்தினரும் மென்மையான ஷாம்பூவைக் கலக்கி ஒன்றுவிட்டு ஒருநாள் அலசலாம். வீட்டில் இருப்பவர், போதிய தண்ணீர் உள்ளவர், வடிகட்டிய சீயக்காயை வாரம் இருமுறை வைத்துக்கொள்ளலாம். பொடுகும் அரிப்பும் இருந்தால் கீட்டோகோனசோல் கலந்த ஷாம்பூவை வாரம் இருமுறை, ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசலாம். ஒரு மாதத்தில் அடங்காவிட்டால் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். யாராக இருந்தாலும் கடைசி இரண்டு சொம்பு மட்டும் நல்ல தண்ணீராக இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழையில் ஓட்டுத் தாழ்வாரத்தில் பிடித்த மழைநீர் அதற்கு மிகச் சிறந்தது. மற்ற மாதங்களில் ஒரு சொம்பு நீரில் அரை மூடி எலுமிச்சைச் சாறு கலந்து ஊற்றி அலசினால் பழைய சோப்புப் படிவு விட்டுப்போகும். மொத்தக் குளியலுக்கும் நல்ல தண்ணீர் கிடைக்காத ஊரில், இருக்கும் இரண்டு சொம்பை எந்த நேரத்தில் ஊற்றுகிறோம் என்பது ஷாம்பூவின் பெயரைவிடப் பெரிய விஷயம்.