டிவிக்குப் பின்னால் கொஞ்சம் வெளிச்சம்

இருட்டறையில் டிவி பார்த்தால் கண் சீக்கிரம் களைத்துவிடும். பின்சுவரில் மெல்லிய வெளிச்சம் விழுந்தால் போதும். படத்துக்கேற்ப நிறம் மாறும் வெளிச்சத்தை 2004-இல் 'ஆம்பிலைட்' என்று பிலிப்ஸ் விற்கத் தொடங்கியது. இப்படியொரு வெளிச்சத்தை நாமே வீட்டில் அமைக்கலாம். புனேக்காரர்கள் புத்வார் பேட்டின் தப்கீர் கல்லியில் தேடினால் அதற்கான சாமான்கள் கிடைக்கும்.

● 43 அங்குல டிவிக்கு சுமார் இரண்டரை மீட்டர் எல்.இ.டி. ஸ்ட்ரிப் வேண்டும். 6500 கெல்வின் வெள்ளை என்று கேளுங்கள். மஞ்சள் வெள்ளை வேண்டாம்.

● டிவியின் முதுகில், விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே ஒட்டவும். காற்றுத் துளைகளை மூடாதீர்கள். மழைக்கால ஈரத்தில் பசை நிற்காது. துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே ஒட்டுங்கள். செம்புக் குறி உள்ள இடத்தில் மட்டும் வெட்டவும்.

● சுவர் பச்சையோ நீலமோ என்றால் வெளிச்சமும் அந்தச் சாயலில்தான் வரும்.

● நிறம் மாறும் 'டபிள்யூ.எஸ். 2812பி' ஸ்ட்ரிப்பை டிவியின் யு.எஸ்.பி.யில் செருகாதீர்கள். பல டிவிகளில் அது தருவது அரை ஆம்பியர்தான். மீட்டருக்கு 60 விளக்கு என்றால், முழு வெள்ளையில் ஒரு மீட்டரே மூன்றரை ஆம்பியர் இழுக்கும்! தனியாக 5 வோல்ட் அடாப்டர் அவசியம்.

● இந்த ஸ்ட்ரிப்பை இயக்க, 'ஈ.எஸ்.பி.32' என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் 'டபிள்யூ.எல்.இ.டி.' மென்பொருள் ஏற்றினால் மொபைலிலேயே நிறம் மாற்றலாம். படத்தோடு சேர்ந்து மாற எச்.டி.எம்.ஐ. கேப்சர் கருவியும் தேவை. ஆனால் டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப்களின் படம் அதற்கு எட்டாது; வெளியே செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வழியாகத்தான் பார்க்க வேண்டும்.