காய்ச்சல் வருமுன்பே முடிவு செய்யுங்கள்
கிரெய்கிபர்ன் பெற்றோருக்குக் குளிர்காலப் பருவ ஆலோசனை

விக்டோரியாவில் பள்ளியின் இரண்டாம் தவணையும் குளிரும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. வகுப்பறை ஜன்னல்கள் மூடப்பட்டு ஹீட்டர் ஓடத் தொடங்கியதும், பிள்ளைகள் நாள் முழுக்க ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுக்கிறார்கள். மே முதல் செப்டம்பர் வரை ஃப்ளூ, வாந்தி பேதி, கக்குவான் இருமல் எல்லாம் பள்ளி வழியாகவே வீடு வீடாகப் போகும். எனவே இந்த வாரமே மூன்று காரியங்களை முடித்துவிடுங்கள்: வீட்டில் எல்லோரும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது, பிள்ளையின் தடுப்பூசிப் பதிவைச் சரிபார்ப்பது, பிள்ளைக்கு முடியாமல் போகும் நாளில் வீட்டில் நிற்கப்போவது யார் என்று இப்போதே தீர்மானிப்பது. முதல் இரண்டுக்கும் ஒரு மணி நேரம் போதும். மூன்றாவதைத்தான் எல்லோரும் தள்ளிப் போடுகிறோம். பள்ளியில் தொற்று பரவுவதும் நிற்பதும் பெரும்பாலும் அந்த மூன்றாவதைப் பொறுத்தவை.

இதற்குச் சான்று நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. 2020 ஜூலையில் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது மெல்பர்னில் முதலில் முடக்கப்பட்ட பத்து அஞ்சல் குறியீடுகளில் கிரெய்கிபர்ன், ராக்ஸ்பர்க் பார்க், மிக்கில்ஹாம் பகுதிகளின் 3064-உம் ஒன்று. அந்த மாதம் 22-ஆம் தேதி அன்றைய முதல்வர் டேனியல் ஆண்ட்ரூஸ் ஒரு கணக்கை வெளியிட்டார். அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் கொரோனா உறுதியானவர்களில் பத்தில் ஒன்பது பேர், அறிகுறி தோன்றிய பிறகும் பரிசோதனைக்குப் போகும்வரை தனித்திருக்கவில்லை. பலருக்கு ஊதியத்துடன் மருத்துவ விடுப்பு இல்லை என்பதே முக்கியக் காரணம் என்று ஆண்ட்ரூஸே சொன்னார். முடிவுக்காக வீட்டில் காத்திருப்போருக்கு 300 டாலரும், தொற்று உறுதியானவர்களுக்கு 1500 டாலரும் கொடுக்க அரசு முன்வந்தது. அறிவுரையால் மட்டும் யாரும் வீட்டில் நிற்பதில்லை, நிற்க வழி இருந்தால்தான் நிற்பார்கள் என்பதே அந்தக் கணக்கு சொல்லும் பாடம். காலை ஏழு மணிக்குப் பிள்ளைக்குப் பனடோல் கொடுத்து, உடம்புச் சூடு தணிந்ததும் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு வேலைக்கு ஓடும் பெற்றோரும் அதே நெருக்கடியில்தான் இருக்கிறார்கள். மருந்தின் வேகம் மதியத்துக்குள் இறங்கிவிடும். அதற்குள் பக்கத்து இருக்கைப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டியது கிடைத்திருக்கும்.

பிள்ளையை எத்தனை நாள் வீட்டில் நிறுத்த வேண்டும் என்பதை விக்டோரிய அரசின் விலக்கு அட்டவணை தெளிவாகச் சொல்கிறது. தொடக்கப் பள்ளிக்கும் குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்கும் அது சட்டம். ஃப்ளூ வந்தால் குணமாகும்வரை வீட்டில் இருக்க வேண்டும். வாந்தி பேதி நின்று 24 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். வாந்தி பேதியை உண்டாக்கும் நோரோ வைரஸ், அறிகுறி நின்ற பிறகும் மலத்தில் வெளியேறுவதால், முடிந்தால் இன்னொரு நாள் சேர்த்துக்கொள்வது நல்லது. அதற்கு சானிட்டைசர் போதாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும். சின்னம்மையிலும் கை, கால், வாய் நோயிலும் கொப்புளங்கள் எல்லாம் காய வேண்டும். கக்குவான் இருமலுக்கு ஆன்டிபயாடிக் ஐந்து நாள் முடிய வேண்டும், மருந்து எடுக்காவிட்டால் இருமல் தொடங்கியதிலிருந்து 21 நாள். தட்டம்மைக்கு, தடிப்பு தோன்றியதிலிருந்து குறைந்தது நான்கு நாள்.

அறிகுறி தெரியுமுன்பே தொற்று பரவிவிடுகிறதே, பிறகு வீட்டில் நிறுத்தி என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. ஃப்ளூ வந்தவர் அறிகுறிக்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்பக்கூடும். ஆனால் அவர் அதிகமாகப் பரப்புவது நோயின் முதல் மூன்று நாட்களில். முன்கூட்டிய அந்த ஒரு நாளை நம்மால் தடுக்க முடியாது, அடுத்து வரும் மூன்றையும் தடுக்கலாம். தட்டம்மையில் நிலைமை வேறு. தடிப்பு தோன்ற நான்கு நாள் முன்பே அது பரவுகிறது, நோயாளி வெளியேறிய அறையின் காற்றில் இரண்டு மணி நேரம்வரை தங்கக்கூடியது. அங்கே வீட்டில் நிறுத்துவது தாமதமான வேலி, தடுப்பூசிதான் காவல். எந்த நோய்க்கு எது கைகொடுக்கும் என்று பிரித்துப் பார்த்தால், இரண்டில் ஒன்றைக்கூட விட முடியாது என்பது விளங்கும்.

தடுப்பூசிப் பதிவை நம்மவர்கள் கட்டாயம் எடுத்துப் பார்க்க வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் தவணையை ஒன்பது மாதத்தில் போடத் தொடங்குகிறார்கள். ஆஸ்திரேலிய அட்டவணையில் அது 12 மாதத்திலும் 18 மாதத்திலும் வருகிறது. பதினொரு மாத வயதுக்கு முன் போட்ட ஊசியை இங்கே கணக்கில் எடுப்பதில்லை. ஊரில் இரண்டு ஊசி போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்கும் வீட்டில் ஒரு ஊசி பாக்கி இருக்கலாம். ஊர் அட்டையை ஜி.பி.யிடம் கொண்டுபோய் ஆஸ்திரேலியத் தடுப்பூசிப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். வகுப்பில் ஒருவருக்குத் தட்டம்மை வந்துவிட்டால், ஊசி போடாத பிள்ளை கடைசி நோயாளிக்குத் தடிப்பு தோன்றிய நாளிலிருந்து 14 நாள் பள்ளிக்குப் போகாமல் நிற்க வேண்டிவரும். கைக்குழந்தையுடன் ஊருக்குப் போகிறவர்கள், ஆறு மாதம் நிறைந்ததும் முன்கூட்டியே ஒரு தவணை போட முடியுமா என்று கேளுங்கள். கக்குவான் இருமலையும் பழைய காலத்து நோய் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2024-இல் ஆஸ்திரேலியாவில் 57 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அது வந்தது. கர்ப்பிணிகள் 20 வாரத்துக்குப் பிறகு அதற்கான ஊசியைக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். ஃப்ளூ ஊசி ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். ஒன்பது வயதுக்குள் முதல்முறை போடுபவர்களுக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவை என்பதால், இப்போது தொடங்கினால்தான் குளிர் உச்சத்துக்குள் முடியும்.

இனி அந்த மூன்றாவது காரியம். முழுநேர வேலையில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 10 நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பு உண்டு. தனக்கு முடியாதபோது மட்டுமல்ல, பிள்ளைக்கு முடியாதபோதும் அதை எடுக்கலாம். அம்மா அப்பா இருவரும் முழுநேர வேலை என்றால் கையில் 20 நாள். கேசுவல் வேலையில் இருப்பவருக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் விடுப்பு எடுக்க உரிமை உண்டு, ஆனால் ஊதியம் கிடையாது. அந்த இழப்பைச் சட்டம் ஈடுகட்டவில்லை என்பது உண்மையான குறை. அதனால்தான் திட்டம் தேவைப்படுகிறது: எந்தக் கிழமை யாருடைய ஷிப்டை விட்டால் நஷ்டம் குறைவு, அவசரத்துக்கு எந்த நண்பர் குடும்பம் உதவும் என்று காகிதத்தில் எழுதிவையுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியை மட்டும் நம்பிவிட வேண்டாம். 65 வயதைத் தாண்டியவர்களை ஃப்ளூ கடுமையாகத் தாக்கும், விசிட்டர் விசாவில் இருப்பவர்களுக்கு மெடிகேரும் இல்லை. பார்மசியில் காசு கட்டியாவது அவர்களுக்கு ஊசி போட்டுவிடுங்கள்.

பாடம் கெட்டுவிடுமே என்பது அடுத்த கவலை. காய்ச்சலோடு உட்காரும் பிள்ளை அன்று படிக்கப்போவது சொற்பம்; அதன் தொற்றால் வகுப்பாசிரியரும் நான்கு பிள்ளைகளும் படுத்துவிட்டால் எல்லோருக்கும் பாடம் கெடும். நோய் வந்தால்தானே எதிர்ப்புச் சக்தி வளரும் என்பவர்களுக்கு: அதே சக்தியைப் படுக்கையில் விழாமலே கொடுக்கத்தான் தடுப்பூசி இருக்கிறது. எல்லாப் பொறுப்பையும் பெற்றோர் தலையில் கட்டுவதா என்ற கேள்வியும் நியாயமானதே. காற்றோட்டம் பள்ளியின் கடமை. விக்டோரிய அரசு 2021-இல் பள்ளிகளுக்கு 51 ஆயிரம் காற்றுச் சுத்திகரிப்பான்களை அறிவித்தது. உங்கள் பிள்ளையின் வகுப்பில் ஒன்று இருக்கிறதா, ஓடுகிறதா, வடிகட்டியை மாற்றினார்களா என்று பள்ளியிடம் கேளுங்கள். வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்துபவர்களும் அரசின் விலக்கு அட்டவணையைத் தங்கள் விதியாக்கிக்கொள்ள வேண்டும். பல பள்ளிப் பிள்ளைகள் ஓரிடத்தில் சேரும் அங்கேதான் ஒரு பள்ளியின் தொற்று இன்னொரு பள்ளிக்குத் தாவ வசதி அதிகம்.

பிள்ளை மூச்சு வாங்கினாலோ, எழுப்ப முடியாமல் சோர்ந்தாலோ, தண்ணீர்கூட இறங்காமல் சிறுநீர் குறைந்தாலோ காத்திருக்க வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்று பட்டால் 000. சந்தேகத்துக்கு நர்ஸ் ஆன் கால் 1300 60 60 24. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் 131 450-ஐ அழைத்துத் தமிழ் என்று சொன்னால் போதும். எப்பிங்கில் உள்ள நார்தர்ன் ஹெல்த் நடத்தும் இணையவழி அவசர சிகிச்சைப் பிரிவும் இரவு பகலாக இயங்குகிறது. தட்டம்மையோ என்று ஐயம் வந்தால் கிளினிக்குக்கு நேரே போகாமல் முதலில் போன் செய்யுங்கள். இந்த எண்களையும் வீட்டில் நிற்பவர் பெயர்ப் பட்டியலையும் இன்றிரவே குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.