‘கவச்’: மென்பொருளை எப்படி நம்புவது?

நம் ஹனூருக்கு ரயில் பாதை இல்லை. எனினும் ஊருக்குப் போக மைசூரில் ரயிலேறும் நாம் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஓடும் ரயிலைத் தானே நிறுத்தும் ‘கவச்’, லக்னோவிலுள்ள ரயில்வே ஆராய்ச்சி நிறுவனம் (ஆர்.டி.எஸ்.ஓ.) அரசுப் பணத்தில், இந்தியக் கம்பெனிகளுடன் சேர்ந்து உருவாக்கியது. பயணிகள் ரயிலில் 2016 பிப்ரவரியில் சோதனை தொடங்கியது. 2020 ஜூலையில் தேசிய அமைப்பாக ஏற்கப்பட்டது.

தண்டவாளக் கட்டைகளில் பதித்த வில்லைகள் ரயில் இருக்கும் இடத்தைச் சொல்லும். சிக்னலின் நிலையை ரேடியோ சொல்லும். டிரைவர் சிவப்பைத் தாண்டப் போனால் எஞ்சினிலுள்ள கணினியே பிரேக் போடும்.

இதற்கு ‘சில்-4’ என்னும் உயர்ந்த தரச் சான்று உண்டு. அதாவது, ஆபத்தான பிழை 10 கோடி மணி நேரத்துக்கு ஒன்றைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கணக்கிட்டால் சுமார் 11,400 ஆண்டுகள்! அடிப்படை விதி எளியது: சந்தேகம் வந்தால் நில்.

ஆனால் 2023 ஜூன் 2 அன்று பாலசோர் விபத்தில் 290 பேருக்கு மேல் மாண்டனர். சிக்னல் வயரிங்கை மாற்றியதில் நேர்ந்த குறைகளே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. பொய்த் தகவல் போனால் எந்தக் கணினியும் ஏமாறும். ஆகவே ஆராய்ச்சிக்குச் செலவிடுவது போலவே, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் சோதித்துப் பார்க்கும் ஆளுக்கும் அவகாசத்துக்கும் செலவிட வேண்டும்.