நடுகல் ஏன் அங்கே நிற்கிறது?



நம்ம ஊர்ப் பக்கம் கரட்டு அடிவாரத்திலும், ஆடு மேய்க்கிற புறம்போக்கிலும் தனியாக நட்ட கல்லையோ, வட்டமாக வைத்த கற்களையோ பார்த்திருப்பீர்கள். சும்மா கிடக்கிற கல்தானே என்று நினைத்துவிடாதீர்கள்!

2006ஆம் ஆண்டு நம் தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில், தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்கள் 3 நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் இருப்பது தமிழ்பிராமி எழுத்து. காலம் கி.மு. 3 அல்லது 2ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். எழுத்துள்ள நடுகற்களில் மிகப் பழையவை இவை. ஒரு கல்லில் உள்ள வாசகம்:

“கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்”

ஆ என்றால் மாடு. கோள் என்றால் கவர்தல். கூடல் ஊரில் மாடு பிடிக்க நடந்த சண்டையில் இறந்த, பேடு ஊர் அந்தவனுக்கு எடுத்த கல் என்பது பொருள். மாடுதான் அன்றைக்குச் செல்வம். நம்ம கம்பம் பள்ளத்தாக்கிலும் ஒரு கூடலூர் இருக்கிறதே!

சரி, இடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?

1. விளைகிற நிலத்தை விட்டுவிட்டார்கள். ஈமச்சின்னங்கள் பெரும்பாலும் உழவுக்கு உதவாத மேட்டிலும் கரட்டு ஓரத்திலும்தான் இருக்கின்றன.

2. கல் கிடைக்கிற இடம் பக்கத்தில் வேண்டும். பெரிய பலகைக் கல்லைத் தூக்கி வருவது லேசான வேலையா? நடுகல் எடுக்கும் முறையில் முதல் படியே ‘காட்சி’, அதாவது நல்ல கல்லைத் தேடிக் காண்பது என்று தொல்காப்பியம் சொல்கிறது.

3. போகிறவர் வருகிறவர் பார்க்க வேண்டும். வழியோரம் நின்ற நடுகற்களைப் பற்றிச் சங்கப் பாடல்களிலும் வருகிறது.

ஆகவே கல் நிற்கும் இடமும் ஒரு பாடம்தான். பழைய பாதை எது, ஊர் எது, சுடுகாடு எது என்று அந்த இடம்தான் காட்டிக்கொடுக்கும். அதைப் பிடுங்கித் துவைகல்லாகவோ வாசற்படியாகவோ போட்டுவிட்டால், எழுத்து தப்பினாலும் பாதிச் செய்தி போய்விடும்.

எனவே நண்பர்களே, இப்படி ஒரு கல்லைப் பார்த்தால் நகர்த்தாதீர்கள். சுண்ணாம்பு, பெயிண்ட் அடிக்காதீர்கள். எந்த ஊர், எந்தத் திசை, பக்கத்தில் ஓடையா கரடா என்று நோட்டில் குறித்து, நம் வரலாற்று ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவர் மூலம் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கலாம். புலிமான்கோம்பையில் கண்டவர்களும் மாணவர்கள்தானே!