படைவீரர் குடும்பத்துக்கு வீட்டை வாடகைக்கு விடும்போது



அமெரிக்காவில் நார்ஃபோக், ஃபேயட்வில், கிலீன் போன்ற படைத்தள நகரங்களில் வீட்டை வாடகைக்கு விடுவோர் முதலில் உணரவேண்டியது, குடிவரும் ராணுவக் குடும்பம் எவ்வளவு காலம் தங்கும் என்பது அக்குடும்பத்தின் கையில் இல்லை என்பதே. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பணியிட மாற்ற ஆணை வரும். வந்தபின், வாடகை ஒப்பந்தம் முடியட்டும் என்று காத்திருக்க வழியில்லை.

1940-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2003-இல் இயற்றப்பட்ட படைவீரர் குடிமை நிவாரணச் சட்டம் இந்த இக்கட்டைத் தீர்க்கிறது. நிரந்தரப் பணியிட மாற்றம் பெற்றவரும், 90 நாளுக்குக் குறையாத படைப்பணிக்கு வெளியே அனுப்பப்படுபவரும், ஆணையின் நகலோடு எழுத்து மூலம் அறிவித்து ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். மாத வாடகையானால், அறிவிப்புக்குப் பின்வரும் வாடகை நாளிலிருந்து 30 நாள் கழித்தே முறிவு நடைமுறைக்கு வரும். அதாவது ஒன்றாம் தேதி வாடகை செலுத்துபவர் ஏப்ரல் 18-இல் அறிவித்தால், மே 1-ஐக் கணக்கின் தொடக்கமாகக் கொண்டு மே 31-இல் ஒப்பந்தம் முடியும். இதற்காக அபராதம் வாங்கக் கூடாது; அந்நாளுக்குப் பிந்தைய காலத்துக்கு முன்பணமாகப் பெற்ற வாடகையை 30 நாளுக்குள் திருப்ப வேண்டும்; துணைவரின் கடப்பாடும் உடன் நீங்கும். ஆனால் அதுவரையிலான வாடகைக்கும், இயல்பான தேய்மானத்தை மீறிய சேதத்துக்கும் குடியிருந்தவரே பொறுப்பு. இப்படி ஒப்பந்தம் முறிவதை நட்டமென்று மட்டும் பார்ப்பது குறுகிய பார்வை; ஒரு குடும்பத்தை வெளியே அனுப்பும் அதே இடமாற்ற முறைதான் இன்னொன்றை அந்நகருக்குக் கொண்டுவருகிறது.

வாடகையை நிர்ணயிக்கும்போது கவனிக்கவேண்டிய அடிப்படை வீட்டுவசதிப் படி என்பது பதவிநிலை, குடும்பம், பணியிடம் ஆகியவற்றைப் பொறுத்து ஆண்டுதோறும் திருத்தப்படும் தொகை. அது படைவீரருக்கே வழங்கப்படுகிறது. மின்சாரம், தண்ணீர்ச் செலவுகளையும் கருதிக் கணக்கிடப்படுவதால், படித்தொகை முழுவதையும் வாடகையாகக் கேட்பது நியாயமாகாது.

வாடகை நின்றுபோனாலும், ஆண்டுதோறும் உயர்த்தப்படும் ஒரு வரம்புக்குள் வாடகை இருக்கும்வரை, படைவீரர் படைப்பணியில் இருக்கும் காலத்தில் அவர் குடும்பத்தை நீதிமன்ற ஆணையின்றி வெளியேற்ற இயலாது. நீதிமன்றத்துக்கு வராதவர்மீது தீர்ப்புக் கேட்கும் உரிமையாளர், அவர் படையில் உள்ளாரா என்பதைப் பிரமாண வாக்குமூலத்தில் தெரிவிக்க வேண்டும்.

ஆகவே, வீடு விடும் நாள் வரும்போது, முறிவுக்கான விதியை ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதி இரு தரப்பாரும் படித்துக்கொள்ளுங்கள். சட்டம் தந்த உரிமையைக் கைவிடுவதாகக் குடிவருபவரிடம் கையெழுத்துக் கேட்காதீர்கள்.