மண்ணுக்குள் ஒரு பூஞ்சை மருந்து

அன்புள்ள தங்கைக்கு,

சிவகாசிப் பிள்ளைகளுக்கு மத்தாப்பே முதல் வேதியியல் பாடம். சிவப்பாக எரிந்தால் ஸ்ட்ரான்சியம்; பச்சையென்றால் பேரியம். ஒளியைப் பார்த்துப் பொருளை அறியும் இந்த வழி, மண்ணில் மருந்து தேடுகிறவர்களுக்கும் கைகொடுக்கிறது.

விருதுநகர்க் கரிசலுக்குக் காரத்தன்மை உண்டு. மருந்துப்பொருள்களைத் தரும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவுக்கு அப்படிப்பட்ட மண் ஒத்துக்கொள்ளும். முதல் மழையில் கிளம்பும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மினை உண்டாக்குவதும் அதுதான்.

அந்தப் பாக்டீரியாவை மண்ணிலிருந்து பிரிக்க, உலர்த்திய மண்ணில் 1 கிராமை 9 மில்லி கிருமி நீக்கிய நீரில் கலக்குவார்கள். அதில் 1 மில்லியை எடுத்து மறுபடி 9 மில்லி நீரில். இப்படிப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கவைத்து அகார் தட்டில் பரப்பினால், பல பாக்டீரியாக்கள் மறுநாளே முளைக்கும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் மாவு தூவியதுபோல் எழப் பல நாள் ஆகும். அதை ஒரு கோடாக வளர்த்து, குறுக்கே கேண்டிடா பூஞ்சையைத் தீற்றுவார்கள். கோட்டை ஒட்டிப் பூஞ்சை வளராமல் நின்றால் ஏதோ ஒரு பொருள் கசிகிறது என்று அர்த்தம்.

கடினமான கேள்வி அப்போதுதான் தொடங்குகிறது: அந்தப் பொருள் மனிதரை விட்டுவைக்குமா?

பூஞ்சையின் செல் அமைப்பு, பாக்டீரியாவைவிட நம் செல்லுக்கே நெருக்கமானது. அதனால் பூஞ்சையைக் கொல்வது நம்மையும் தாக்கக்கூடும். இந்தச் சிக்கலைச் சந்தித்தவர்களில் இருவர் அமெரிக்க ஆய்வாளர்கள். எலிசபெத் ஹேசன் நியூயார்க் நகரில் மண் கிருமிகளை வளர்த்து, ஆல்பனியில் இருந்த ரேச்சல் பிரவுனுக்குத் தபாலில் அனுப்புவார். பிரவுன் அவற்றிலிருந்து மருந்துப்பொருளைப் பிரித்துத் திருப்பி அனுப்புவார். பூஞ்சையை அழித்த பல பொருள்கள் விலங்குகளுக்கும் நஞ்சாயின. வர்ஜீனியாப் பண்ணை மண்ணில் கிடைத்த ஒன்று தேறியது. 1950-இல் அறிவிக்கப்பட்ட அதுதான் நிஸ்டாட்டின்.

நம் நாட்டிலும் இப்படி ஒரு கண்டுபிடிப்பு நடந்தது. புனே அருகே பிம்ப்ரியில், ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற அரசு நிறுவனத்தில் எம். ஜே. திருமலாச்சார் குழுவினர் 1960-களின் தொடக்கத்தில் ஹாமைசின் என்ற பூஞ்சை மருந்தைக் கண்டறிந்தார்கள். அதைத் தந்த பாக்டீரியாவுக்கு ஊர்ப்பெயரால் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா என்று பெயரிட்டார்கள்.

ஹாமைசின் போன்ற பொருள்களில் ஏழு இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும். புற ஊதா ஒளியைச் செலுத்தினால் அவை மூன்று குறிப்பிட்ட இடங்களில் அதிகமாக உறிஞ்சும், அதுவே அடையாளம். இப்பொருள்கள் பூஞ்சைச் செல்லின் சவ்விலுள்ள எர்கோஸ்டீராலைப் பற்றிக்கொண்டு, சவ்வை ஒழுகவிடுகின்றன. நம் சவ்வில் இருப்பது கொலஸ்ட்ரால். இந்த வேறுபாடுதான் மருந்துக்குக் கிடைக்கும் இடைவெளி.

கல்லூரியில் நுண்ணுயிரியல் எடுத்தால், ஆசிரியர் மேற்பார்வையில், ஆய்வகத்தில் மட்டும் இந்தச் சோதனையைச் செய். மண் எடுத்த இடம், ஆழம், தேதி மூன்றையும் அங்கேயே எழுதிவை. நல்ல கிருமி கிடைத்தால் அதே இடத்துக்குத் திரும்பப் போக வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உன் அண்ணன்